ஆக்கிரமிப்புக் கால வாழ்க்கைக்கு ஒரு சிறு அருங்காட்சியகம்: லாத்வியாவில் தொடங்குவது எப்படி?

லாத்வியாவின் வித்செமே பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். மனைவிக்கு இதுதான் சொந்த ஊர். அவர் குடும்பமும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து, சோவியத், நாஜி ஆட்சிகளின் பிடியில் இந்த ஊர் எப்படி வாழ்ந்தது என்று காட்ட இரண்டு அறையில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினோம். படிவம், கணக்கு, ஸ்கேனிங் மூன்றும் என் தலையில் விழுந்தன. இதைப்போல ஒன்றை ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும், எது முதலில் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். சட்ட விவரங்கள் லாத்வியாவுக்குரியவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை எங்கும் ஏறக்குறைய இதேதான்.

வரலாறு இங்கே வேண்டாம். இரண்டு தேதிகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவைதான் வெளியே வரும்: 1941 ஜூன் 14, 1949 மார்ச் 25. சோவியத் அதிகாரிகள் குடும்பம் குடும்பமாக ரயில் பெட்டிகளில் ஏற்றி சைபீரியாவுக்கு நாடுகடத்திய நாட்கள். முதல் தடவை 15,000 பேருக்கு மேல், இரண்டாம் தடவை சுமார் 42,000 பேர்.

1. கட்டடம் தேடி அலையாதீர்கள்

எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். கூட்டம் போட்ட அன்றே ஒருவர் எழுந்து, பழைய பள்ளிக்கூடம் காலியாகக் கிடக்கிறதே, நகராட்சியிடம் கேட்டால் என்ன என்பார். அவ்வளவுதான், அடுத்த ஒரு வருடம் கூரை, வடிகால், கொதிகலன் என்று போய்விடும். கட்டடம் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். 1949இல் பத்து வயதாக ரயிலேறிய குழந்தை 1939இல் பிறந்தவர், இப்போது என்ன வயது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய அருங்காட்சியகங்கள் கட்டடம் பிடித்த விதத்தைப் பாருங்கள். தலைநகர் ரிகாவின் லாத்விய ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் 1993இல் தொடங்கியபோது, சோவியத் காலத்தில் செந்துப்பாக்கி வீரர்களுக்காக (போல்ஷெவிக்குகள் பக்கம் நின்ற லாத்வியப் படையினர்) கட்டிய மண்டபத்தில் உட்கார்ந்தது. அதைப் புதுப்பித்து, விரிவாக்கி, மறுபடி திறக்க 2022 ஆகிவிட்டது. லித்துவேனியத் தலைநகர் வில்னியூஸ்காரர்கள் 1992இல் சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபியின் கட்டடத்தையே எடுத்துக்கொண்டார்கள். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் 2003இல் புதிதாகவே கட்டினார்கள், அதற்கு அமெரிக்காவில் வாழ்ந்த ஓர் எஸ்டோனியக் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணம் இருந்தது. உங்களுக்கு இந்த மூன்றும் அமையப்போவதில்லை. நூலகத்தில் ஒரு மேசையும் பூட்டுப் போட்ட ஓர் அலமாரியும் கேளுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கு அது தாராளம்.

2. எல்லையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எந்த வருடத்திலிருந்து எந்த வருடம், எந்த ஊர்கள், யாருடைய வாழ்க்கை. ஒரே பக்கம், எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். பின்னால் ஒவ்வொரு சண்டையும் இந்தப் பக்கத்துக்குத்தான் திரும்பி வரும்.

பெரிய பொறி இங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் பேச விரும்புவது சோவியத் காலத்தை. 1941 கோடையிலிருந்து இருந்த ஜெர்மானிய ஆக்கிரமிப்பு பற்றிக் கேட்டால் பேச்சு சட்டென்று வானிலைக்குப் போய்விடும். காரணம் உண்டு: லாத்வியாவில் சுமார் 70,000 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அந்தக் கொலைகளில் உள்ளூர் ஆட்களும் கைகொடுத்தார்கள். வில்னியூஸ் அருங்காட்சியகம் 'இனப்படுகொலையில் பலியானோர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு பெரும்பாலும் சோவியத் கொடுமைகளையே காட்டியது, யூதப் படுகொலைக்கு ஒரு சிறு அறையைத் திறந்ததே 2011இல்தான். பல வருட விமர்சனத்துக்குப் பிறகு 2018இல் பெயரையும் மாற்றினார்கள். உங்கள் ஊரில் 1941க்கு முன் யூதக் குடும்பங்கள் இருந்தனவா, அவர்களுக்கு என்ன ஆயிற்று, அந்த வீடுகளில் பிறகு யார் குடியேறினார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னால் யாரும் பார்க்கப்போவதில்லை.

3. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

இரண்டு வழி: சங்கம் அல்லது அறக்கட்டளை. சங்கத்துக்குக் குறைந்தது இரண்டு நிறுவனர்கள் போதும், உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். அறக்கட்டளை ஒரு சொத்தை ஒரு நோக்கத்துக்கு ஒதுக்குவது. கையில் பணமில்லாமல் ஆட்கள் மட்டும் இருப்பதால் நாங்கள் சங்கம் பக்கம் போனோம். நிறுவல் தீர்மானம், சாசனம், விண்ணப்பம், நிர்வாகக் குழு உறுப்பினர்களின் சம்மதம் ஆகியவற்றோடு நிறுவனப் பதிவகத்தில் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் சிறு தொகைதான், மின்னணுக் கையெழுத்து வைத்திருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

சாசனத்தில் ஒரு வரியை மறக்காமல் எழுதுங்கள்: சங்கம் கலைந்தால் சேகரிப்பு எங்கே போகும்? ஏதாவது அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகம் அல்லது தேசிய ஆவணக்காப்பகத்தின் பெயரை, அவர்களிடம் பேசிவிட்டு, குறிப்பிடுங்கள். பாட்டியின் கடிதங்களைத் தருகிறவர் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான், பதில் சாசனத்தில் இருந்தால் அவர் முகமே மாறிவிடும்.

உண்மையான தாமதம் வங்கியில். 2018க்குப் பிறகு இங்கே வங்கிகள் பணமோசடித் தடுப்பு விதிகளில் ரொம்பக் கெடுபிடி. புதுச் சங்கம், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து நன்கொடை, கணக்குப் பார்ப்பவர் ஓர் இந்தியர் என்று மூன்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஒரு வங்கி எங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. யாரிடமிருந்து, எந்த நாட்டிலிருந்து, வருடத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஒரு பக்கக் குறிப்பைத் தயாராக எடுத்துப் போங்கள். கணக்கு திறக்கும் வரை யாரிடமும் பணம் வாங்காதீர்கள், சொந்தக் கணக்கில் போட்டு வைப்பதும் வேண்டாம். சங்கம் கொஞ்சம் நடந்த பிறகு வரித்துறையிடம் பொதுநல அமைப்பு தகுதிக்கு விண்ணப்பியுங்கள், உள்நாட்டு நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும்.

4. காகிதம் இல்லாமல் ஒரு கரண்டிகூட வாங்காதீர்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். அப்பா சைபீரியாவில் மரம் வெட்டும்போது போட்டிருந்தது. இடது முழங்கையில் கம்பளியால் ஒட்டுப்போட்டு, அதன் மேல் இன்னொரு ஒட்டு, உள்பக்கம் காலருக்குக் கீழே மங்கிப்போன மையில் ஓர் எண். மேசையில் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கே பின்னால் ஓடிப் போய்க் கையெழுத்து வாங்கினோம். நல்லதாயிற்று. அவர் காலமான பிறகு மகன் வந்து, அப்பா அதைச் சும்மா பார்க்கத்தான் கொடுத்தார் என்றார். படிவத்தைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

படிவத்தில் இவை இருக்க வேண்டும்: கொடுப்பவர் யார், பொருள் அவருக்கு எப்படி வந்தது, இது நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எந்தத் தேதி வரை, படமெடுத்து வெளியிடலாமா, பெயரைக் காட்டலாமா. இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் தெரியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இரவலை முடிந்தவரை தவிருங்கள். பத்து வருடம் நீங்கள் பாதுகாத்த பொருளை ஒருநாள் வந்து எடுத்துப்போய் இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கடிதங்களில் இன்னொரு சிக்கல். கடிதத்தாள் உங்களுடையதாகிவிட்டாலும் அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது எழுதியவர் இறந்து 70 வருடம் வரை. 1960இல் இறந்தவர் சைபீரியாவிலிருந்து எழுதியது 2030 முடிய அவர் வாரிசுகளின் கையில். காகிதம் கிடைக்காமல் பிர்ச் மரப்பட்டையில் எழுதிய கடிதங்கள்கூட இந்த நாட்டில் உண்டு, அவற்றுக்கும் இதே விதிதான். வாரிசின் சம்மதத்தை அதே படிவத்தில் வாங்கிவிட்டால் பின்னால் தேடி அலைய வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள். துப்பாக்கி, தோட்டா, கையெறிகுண்டு எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள், பரணில் இருந்து எடுத்துவர விடாதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். பதக்கங்களிலும் ஜெர்மானியச் சின்னங்களிலும் போலி ஏராளம், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற கதை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சமோவார் என்ற ரஷ்யத் தேநீர்க் கலம் மூன்று வந்துவிட்டால் போதும்.

பழைய குடும்பப் புகைப்படங்களில் ஓர் ஆளின் தலை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் சட்டையின் தோள் பகுதியை மையால் கருப்படித்திருப்பார்கள். சீருடை போட்ட அண்ணன், மாமா. சோதனைக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து வீட்டுக்காரர்களே செய்தது. இதைக் கணினியில் சரிசெய்து அழகாக்கலாமா என்று கேட்க ஆர்வமான இளைஞர் ஒருவர் நிச்சயம் வருவார். கூடாது. உங்களிடம் இருக்கும் பொருள்களிலேயே அந்த வெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

5. நேர்காணல்கள்

முதல் சந்திப்பில் பதிவு செய்யாதீர்கள். போய், சாப்பிட்டு, படிவத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மைக்கோடு போங்கள். சட்டையில் குத்தும் மைக், ஒலிப்பதிவுக் கருவி, சாதாரண கேமரா எல்லாம் சேர்த்துச் சில நூறு யூரோவில் அடங்கிவிடும். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒலி மோசமாக இருந்தால்தான் எல்லாம் வீண்.

சமையலறையில்தான் உட்கார வைப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் உங்கள் காதுக்குக் கேட்காது, பதிவில் கேட்கும். அனுமதி கேட்டு இணைப்பைப் பிடுங்குங்கள், பிடுங்கியதும் உங்கள் கார்ச் சாவியைப் பெட்டிக்குள் வையுங்கள். அப்போதுதான் கிளம்பும்போது திரும்பச் செருகுவீர்கள். கணவனும் மனைவியும் இருந்தால் தனித்தனியாகப் பேசுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

நாடுகடத்தலை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வண்டி வந்த இரவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1956க்குப் பிறகு திரும்பி வந்தபோது சொந்த வீட்டில் யார் இருந்தார், பள்ளியில் இந்தப் பிள்ளையை எப்படி நடத்தினார்கள், வெளிநாட்டு வானொலியை எந்த மூலையில் உட்கார்ந்து கேட்டார்கள், எதை வாங்க எந்த வரிசையில் நின்றார்கள், கிறிஸ்துமஸுக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஆக்கிரமிப்பில் வாழ்ந்தது என்பது பெரும்பாலும் இதுதான், இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, முக்கியமில்லை என்று நினைக்கிறார்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் வட்டார வழக்கிலும் ஊர்ப் பெயர்களிலும் தடுமாறுவதால் கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஊதியம் கொடுக்க முடியுமென்றால் இந்த வேலைக்குக் கொடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இறந்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பேசுபவர் உயிரோடு இருக்கிறார், அவர் குறிப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கலாம், அவர் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். உடல்நலம், மதம், அரசியல் கருத்து பற்றிய பகுதிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. சம்மதப் படிவத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: காப்பகத்தில் வைக்க மட்டும், அறையில் கேட்க, இணையத்தில் போட. மூன்றும் வேறுவேறு.

6. காப்பகக் கோப்புகள்

நாடுகடத்தப்பட்டவர்களின் கோப்புகளும் கேஜிபி தொடுத்த குற்ற வழக்குகளின் கோப்புகளும் லாத்விய தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பத்தாரே கேட்டால் வேலை சுலபமாகும், அதனால் கோரிக்கைக் கடிதத்தை அவர்கள் பெயரில் எழுதி, உறவைக் காட்டும் சான்றிதழ்களை இணையுங்கள். இதற்கும் நேரமாகும், நேர்காணல் முடிந்த மறுநாளே அனுப்பிவிடுங்கள். எல்லாம் ரஷ்ய மொழியில், பாதி கையெழுத்தில். படிக்கத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோப்பில் இருப்பதெல்லாம் உண்மையல்ல. வாக்குமூலத்தை எழுதியவர் விசாரணை அதிகாரி, கையெழுத்துப் போட்டவர் எத்தனை நாள் தூங்காமல் போட்டார் என்பது அதில் இருக்காது. கேஜிபி தனக்குத் தகவல் கொடுத்தவர்கள் என்று பெயர் எழுதி வைத்திருந்த முகவர் அட்டைகள் 2018 டிசம்பரில் இணையத்தில் வெளியானபோது இந்த நாடே கொந்தளித்தது. அட்டையில் பெயர் இருப்பது மட்டுமே அவர் காட்டிக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகாது. சிற்றூரில் ஒரு பெயரைச் சுவரில் ஒட்டுவது என்றால் அவர் பேத்தி நாளைக்கு ரொட்டிக் கடையில் உங்களுக்கு எதிரே நிற்பார். அட்டை என்றால் என்ன, எப்படித் தயாரித்தார்கள் என்று விளக்குங்கள், பெயர் வேண்டாம். எங்கள் குழுவில் இதற்கு எதிராகப் பேசியவர்களும் உண்டு. இது என் முடிவு.

7. பொருள்களைப் பாதுகாத்தல்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்: வருடம், வரிசை, அதற்குள் உருப்படி. காகிதத்தில் மென்பென்சிலால் மட்டும் எழுதுங்கள். ஒட்டும் டேப் அறைக்குள்ளேயே வரக்கூடாது. அமிலமற்ற பெட்டி ஒன்று 10 யூரோ அக்கம்பக்கம், ஈரப்பதமும் வெப்பமும் பதியும் சிறு கருவி 50 யூரோவுக்குள் கிடைக்கும், நல்ல தட்டை ஸ்கேனர் 300லிருந்து. ஈரப்பதம் 40க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில், காகிதத்துக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தாண்டாமல். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்து காகிதம் மொறுமொறுக்கும், போடாவிட்டால் பூஞ்சணம். கருவியைப் பார்த்துப் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.

கம்பளி எது வந்தாலும் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். அந்துப்பூச்சி ஒன்று உள்ளே வந்தால் மொத்த அலமாரியும் போச்சு. ஸ்கேன் கோப்புகளை மூன்று பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில்.

8. இப்போது கட்டடம்

இப்போது நகராட்சியிடம் போனால் கையில் பட்டியலும் படங்களும் பதிவுகளும் இருக்கும், வெறுங்கையோடு கேட்பதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். மாணவர் குறைந்து மூடிய பள்ளிகள் கிராமப்புறத்தில் நிறைய. வாடகை இல்லை என்று சொன்னதும் சந்தோஷப்படாதீர்கள்: சூடாக்கும் செலவு யாருக்கு, கூரை ஒழுகினால் யாருக்கு, எத்தனை வருட ஒப்பந்தம், ஆட்சி மாறினால் எத்தனை மாத அவகாசம் தருவார்கள்? வாய்ப்பேச்சு செல்லாது. தீ அறிவிப்புக் கருவி, சக்கர நாற்காலி வரும் வழி, கழிப்பறை, காப்பீடு ஆகியவற்றை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கில் எடுங்கள். எங்களுக்குக் கண்ணாடிப் பேழைகளைவிட இவைதான் அதிகம் விழுங்கின.

9. பணம்

முதல் நன்கொடை வெளிநாட்டில் குடியேறிய லாத்வியர்களிடமிருந்து வரும். ரிகா அருங்காட்சியகமும் அப்படித்தான் கிளம்பியது. அடுத்து அரசு கலாசார மூலதன நிதியம், வருடத்தில் சில தடவை போட்டி அறிவிக்கும், மனு லாத்வியனில்தான். சம்பளம், வாடகை என்று கேட்காமல், இன்னின்னாரின் நேர்காணல்கள் இத்தனை, இந்தத் தேதிக்குள் என்று கேட்டால் எடுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செர்வ் திட்டத்தில் ஐரோப்பிய நினைவு என்றே ஒரு பிரிவு உண்டு, ஆனால் பல நாட்டுக் கூட்டாளிகள், கணக்கு அறிக்கை என்று பெரிய வேலை, முதல் மனுவாக அதை எடுக்காதீர்கள். மானியம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கு வரும், மின்கட்டணத்துக்கு வராது. அதற்கு உறுப்பினர் சந்தா.

10. சுவரில் எழுதுவது

லாத்வியன் கட்டாயம். மற்ற மொழி கூடவே இருக்கலாம், அரசமொழியைவிடப் பெரிதாகத் தெரியக்கூடாது. ரஷ்ய மொழி வேண்டுமா என்பதில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஊரில் ரஷ்யமொழி பேசும் முதியவர்கள் உண்டு, அவர்களிலும் நாடுகடத்தப்பட்டவர்கள் உண்டு. கடைசியில் கையேடாக அச்சடித்து வாசலில் வைத்தோம், போகிறவர்கள் எடுத்துப்போகிறார்கள். சோவியத், நாஜிச் சின்னங்களைப் பொது நிகழ்ச்சிகளில் காட்டத் தடை இருக்கிறது. கல்வி, வரலாற்று நோக்கத்துக்கு விலக்கு உண்டு என்றாலும் திறப்பு விழா விளம்பரத்தில் அவற்றைப் போட்டுவிடாதீர்கள். ஒரு பலகைக்கு 80 சொல் போதும். வரலாற்று ஆசிரியர் ஒருவர் 400 சொல் எழுதித் தருவார், பணிவாக வெட்டுங்கள்.

11. திறந்த பிறகு

கலாசார அமைச்சகத்தின் அங்கீகாரம் பிறகு வரட்டும். செயல் உத்தி, சேகரிப்புக் கொள்கை, ஆய்வுக் கொள்கை, தொடர்புக் கொள்கை என்று தனித்தனி ஆவணம் கேட்பார்கள். 2ஆம் படியில் எழுதிய அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் அவை எல்லாவற்றையும் வளர்க்க வேண்டும்.

பள்ளிக் குழந்தைகள் மார்ச் 25ஐ ஒட்டி மொத்தமாக வருவார்கள், ஜூன் 14க்குள் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும். அதனால் ஆசிரியர்களிடம் ஜனவரியிலேயே பேசி நாட்களைப் பிரித்து வையுங்கள், இரண்டு அறையில் 25 பிள்ளைகளுக்கு மேல் நிற்க முடியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் திறங்கள். சூடாக்கும் செலவு மிச்சம், எண் போடாமல் கிடக்கும் பெட்டிகளுக்கும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.